நாகர்கோவிலில் ஜும்பா வகுப்பில் சேரப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படிக்க

நான் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். வயது 47. இரண்டு வருடத்துக்கு முன்பு, பாட்டுக்கு ஆடிச் செய்கிற உடற்பயிற்சியான ஜும்பாவில் சேர்கிறேன் என்று கிளம்பி, மூன்று வகுப்பு மாறி, நாலாயிரம் ரூபாயைத் தொலைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் நொண்டி, அப்புறம்தான் ஒழுங்கான இடத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கிற, இதுவரை மேடையேறி ஆடாத, முப்பத்தைந்து தாண்டிய ஆட்களை மனதில் வைத்து எழுதியது இது. ஆடத் தெரிய வேண்டாம். ஜோடி வேண்டாம். முன்னால் ஒருவர் ஆடுவார், பின்னால் பதினைந்து இருபது பேர் அவரைப் பார்த்து ஆடுவார்கள், அவ்வளவுதான். கற்றுக்கொள்ள நேரம் எடுப்பது ஆட்டம் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற விஷயங்கள்.

1. முதலில் நேரமும் தூரமும்

எல்லாரும் முதலில் கேட்பது "எந்த இடம் நல்ல இடம்?" என்று. நானும் அப்படித்தான் கேட்டேன். ஊரிலேயே பேர் பெற்ற மாஸ்டர் என்று சொன்னார்கள், போய்ச் சேர்ந்தேன். என் வீடு வெட்டூர்ணிமடம் பக்கம், வகுப்பு நகரத்தின் மறு கோடியில். மாலை ஆறு மணிக்கு வடசேரியைத் தாண்டுவதற்குள் வார்ம்-அப் முடிந்துவிடும். வார்ம்-அப் இல்லாமல் நேரே ஆட்டத்தில் குதித்ததுதான் என் முழங்கால் கதைக்குப் பாதிக் காரணம். மீதிப் பாதி ஷூ, அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டிலிருந்தோ அலுவலகத்திலிருந்தோ பதினைந்து நிமிடத்துக்குள் இருக்கிற வகுப்பை மட்டும் பாருங்கள். அதற்கு மேல் என்றால் முதல் மழைக்கே நின்றுவிடுவீர்கள். நம் மாவட்டத்தில் மழை ஒரு தடவை வந்துவிட்டுப் போவதில்லை. ஜூனில் தொடங்குகிற இடவப்பாதிக்கு ஒரு முறை, ஐப்பசிக்கு ஒரு முறை. மார்த்தாண்டத்துக்காரர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போடாமல் மாலை நேர நெரிசலில் ஆகும் நிமிடத்தில் போடுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் வகுப்பு முடியும் நேரத்துக்குத் திரும்ப டவுன் பஸ் உண்டா என்று ஒரு நாள் போய் நின்று பார்த்துவிடுங்கள்.

பேட்ச் பெரும்பாலும் நான்கு. விடிகாலை ஐந்தரை, காலை பத்தரை, மாலை ஐந்து, மாலை ஆறரை. விடிகாலை பேட்ச் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பால் காய்ச்சி, சோற்றுப் பாத்திரம் கட்டி, பிள்ளையை வேன் ஏற்றுவது உங்கள் வேலை என்றால் அது இரண்டாம் வாரம் தாங்காது. பத்தரை பேட்ச் வீட்டில் இருக்கிற பெண்களுக்காக வைப்பது, பெரும்பாலும் கூட்டம் குறைவு, டிரெய்னர் உங்களைக் கவனிக்க நேரம் இருக்கும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: நான் விசாரித்த பல இடங்களில் "லேடீஸ் பேட்ச்" மட்டும்தான். போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள், வாசலில் போய் நின்று சங்கடப்பட வேண்டாம்.

வாரம் எத்தனை நாள்? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. ஐம்பது நிமிட வகுப்பு மூன்று போனால் கணக்கு நேர். ஆறு நாள் பேக்கேஜ் மலிவு என்று ஆசை காட்டுவார்கள், ஆரம்பத்தில் எடுக்காதீர்கள். அதே நிறுவனம் வாரம் இரண்டு நாள் தசைக்கு வலு சேர்க்கிற பயிற்சியும் வேண்டும் என்கிறது. ஆட்டம் அதைச் செய்து தராது, அது தனி.

2. உங்கள் உடம்பின் காகிதங்கள்

நல்ல இடம் என்றால் சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். இதய நோய் உண்டா, நெஞ்சு வலி வருமா, தலை சுற்றுமா, மூட்டுப் பிரச்சினை உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சில கேள்விகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் போடாதீர்கள். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். படிவமே தரவில்லை என்றால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிரஷர், சர்க்கரை பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசமாகப் பார்ப்பார்கள். கூடுதல் பரிசோதனை தேவை என்றால் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பெரும்பாலும் காசு ஆகாது, ஆனால் ஒரு காலை நேரம் முழுக்கப் போய்விடும், லீவு போட்டுவிட்டுப் போங்கள். டாக்டரிடம் "எக்சர்சைஸ் பண்ணலாமா?" என்று கேட்டால் "தாராளமா" என்றுதான் பதில் வரும். "குதித்து ஆடுகிற வகுப்பு, ஐம்பது நிமிடம்" என்று விவரமாகச் சொல்லிக் கேளுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் ஆட்டத்தின் நடுவில் சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும். பையில் குளுக்கோஸ் பொட்டலமோ மிட்டாயோ இருக்கட்டும், அது எந்தப் பையில் இருக்கிறது என்று பக்கத்தில் ஆடுகிறவருக்கும் தெரியட்டும். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரலால் வகை மாத்திரை எடுப்பவர்கள் கைக்கடிகாரம் காட்டுகிற இதயத் துடிப்பை நம்ப வேண்டாம். அந்த மாத்திரை துடிப்பை ஏற விடாது. ஆடிக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அதுதான் சரியான வேகம்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. பிள்ளை பெற்ற பெண்கள் பலருக்கும் குதிக்கும்போது சிறுநீர் கசியும். எங்கள் வகுப்பில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன இரண்டு பேருக்கு இதுதான் காரணம், பிறகு தனியாகக் கேட்டபோது சொன்னார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. குதிக்கிற ஸ்டெப் எல்லாவற்றுக்கும் தரையிலிருந்து கால் முழுக்க எழும்பாத மாற்று ஒன்று உண்டு. அதை ஆடுங்கள். இடுப்படித் தசைக்கான பயிற்சியை மகப்பேறு டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுச் செய்தால் கசிவு நாளடைவில் குறையும்.

3. டெமோ வகுப்பில் என்ன பார்ப்பது

ஒரு நாள் இலவசமாக விடாத இடத்தில் சேராதீர்கள். டெமோ நாளில் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

தரை. நம் ஊரில் பாதி வகுப்பு கல்யாண மண்டபத்திலோ மொட்டை மாடியில் ஷீட் போட்ட கொட்டகையிலோதான் நடக்கிறது. சிமென்டின் மேல் ஒட்டிய டைல்ஸில் மாதக்கணக்கில் குதித்தால் முழங்காலும் கணுக்காலும் கணக்குக் கேட்கும். மரத்தளம் கிடைப்பது அபூர்வம். ரப்பர் விரிப்பு போட்டிருந்தால் நல்லது, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க வேண்டும். தகர ஷீட் என்றால் சித்திரை மாதத்தில் மாலை ஐந்து மணி எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். மழை விழுந்தால் பாட்டே கேட்காது, அது இன்னொன்று.

இடம். இரண்டு கையையும் விரித்துச் சுற்றினால் யார் மேலும் படக்கூடாது.

டிரெய்னர். ஐந்து பத்து நிமிடம் வார்ம்-அப் செய்கிறாரா, கடைசியில் வேகத்தைக் குறைத்து முடிக்கிறாரா, பாட்டு நின்றதும் "பை" சொல்லிப் போய்விடுகிறாரா? கடினமான ஸ்டெப்புக்கு எளிய வடிவத்தையும் காட்டுகிறாரா? பின் வரிசையைத் திரும்பிப் பார்க்கிறாரா? கண்ணாடியில் தன்னையே பார்த்து ஆடுகிற டிரெய்னர்கள் இருக்கிறார்கள், பார்க்க நன்றாக இருக்கும், நமக்குப் பிரயோஜனமில்லை.

உரிமம். "ஜும்பா" என்பது ஒரு நிறுவனத்தின் பதிவு பெற்ற பெயர். அதன் பயிற்சியை முடித்து உரிமம் வைத்திருப்பவர்கள்தான் அந்தப் பெயரில் வகுப்பு எடுக்கலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். நம் ஊரில் நகல் எடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனது போல, பாட்டுப் போட்டுக் குதிப்பதெல்லாம் ஜும்பா ஆகிவிட்டது. போர்டில் ஜும்பா என்று இருக்கும், உள்ளே போனால் முழுக்க சினிமாக் குத்துப் பாட்டு. எனக்கு அதில் குறையில்லை, குத்துப் பாட்டுக்குத்தான் எனக்கு வேர்க்கவே செய்கிறது. ஆனால் உரிமம் இருக்கிறது என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்டால் காட்டச் சொல்லுங்கள். உரிமம் இருப்பதாலேயே உங்கள் மூட்டைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும் என்றும் நினைக்காதீர்கள். அது ஓரிரு நாள் பயிற்சியிலேயே கிடைப்பது. முதலுதவி தெரியுமா என்று கேட்பது அதைவிட உபயோகம். அறுபது தாண்டியவர்களுக்கும் மூட்டு வலிக்காரர்களுக்கும் "ஜும்பா கோல்டு" என்று வேகம் குறைந்த வகை இருக்கிறது. அந்தப் பெயரில் இங்கே வகுப்பு இல்லாவிட்டாலும் அப்படி ஆடக் காட்டுவீர்களா என்று கேளுங்கள்.

கேமரா. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பல இடங்களில் வகுப்பை வீடியோ எடுத்து ரீல்ஸ் போடுகிறார்கள். என் முதல் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் இடது பக்கமும் மற்ற எல்லாரும் வலது பக்கமும் போகிற ஒரு வீடியோ, கருங்கலில் இருக்கிற என் நாத்தனாரின் வாட்ஸ்அப் வரைக்கும் போய்விட்டது. "அக்கா, நல்லா இருக்கு" என்று செய்தி வேறு. சேரும்போதே "என்னை வீடியோவில் எடுக்கக்கூடாது" என்று சொல்லி, படிவத்தில் எழுதியும் கொடுங்கள்.

4. பணம்: நான் தோற்ற இடம்

நாகர்கோவிலில் நான் விசாரித்தபோது மாதக் கட்டணம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை சொன்னார்கள். அட்மிஷன் என்று தனியாக ஐந்நூறு கேட்ட இடமும் உண்டு. ஆறு மாதம் மொத்தமாகக் கட்டினால் ஆறாயிரம், மாதா மாதம் என்றால் ஆயிரத்து ஐந்நூறு என்று ஓர் இடத்தில் சொன்னபோது மூவாயிரம் லாபம் என்று என் மூளை உடனே கணக்குப் போட்டது. கட்டினேன். டிரெய்னரின் சொந்த நம்பருக்கு ஜிபே. ரசீது கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழிந்தது. குரூப்பில் "தற்காலிக விடுமுறை" என்று செய்தி வந்தது. அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. மண்டபக்காரரிடம் கேட்டால் வாடகை பாக்கி என்கிறார். ஊரார் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதுகிற எனக்கு என் கணக்கில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதனால் முதல் மூன்று மாதம் மாதா மாதம் மட்டும் கட்டுங்கள். எவ்வளவு தள்ளுபடி என்றாலும் சரி. ரசீதில் இவை இருக்க வேண்டும்: உங்கள் பெயர், தேதி, எந்த மாதத்துக்கு, வாரம் எத்தனை நாள், வகுப்பு நின்றால் பணம் எப்படித் திரும்பும். கடைசி வரியை எழுத மறுத்தால் வாட்ஸ்அப்பிலாவது கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். ஜிபேயில் அனுப்பும்போது குறிப்பு இடத்தில் "ஆகஸ்ட் மாதக் கட்டணம்" என்று எழுதி அனுப்புங்கள்.

ஜிஎஸ்டி என்று தனியாக வாங்கினால் பில்லில் பதிவு எண் இருக்க வேண்டும். எண்ணும் எழுத்தும் கலந்து பதினைந்து இருக்கும், தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற சிறிய வகுப்புகள் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. உடற்பயிற்சி நிலையங்களுக்கு 18 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைந்தது, பழைய கணக்கில் யாராவது வாங்குகிறார்களா என்று பாருங்கள்.

பணம் மாட்டிக்கொண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் போகவில்லை. மீதி நாலாயிரத்துக்காக லீவு போட்டு அலைய மனது வரவில்லை, கையில் காகிதமும் இல்லை.

இதர செலவு: ஷூ இரண்டாயிரம் சுற்றி, உள்ளாடை உட்பட உடை ஆயிரத்து ஐந்நூறு, தண்ணீர் பாட்டில், துண்டு. பெட்ரோலோ ஆட்டோவோ மாதத்துக்கு எவ்வளவு என்று சேருவதற்கு முன்பே போட்டுப் பாருங்கள். எனக்கு முதல் வகுப்பில் ஆட்டோச் செலவு கட்டணத்தை மிஞ்சியது.

5. ஷூவும் துணியும்

ஓடுவதற்கான ஷூவைப் போட்டு ஆடாதீர்கள். அதன் அடிப்பாகம் தரையைக் கவ்வும். ஓடுவதற்கு அது வேண்டும். ஆடும்போது உடம்பு திரும்பும், பாதம் ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் முழங்கால் முறுக்கும். எனக்கு நடந்தது இதுதான். மகனின் பழைய ஷூ, நல்ல கம்பெனி, சும்மா கிடக்கிறதே என்று போட்டுக்கொண்டு போனேன். கடையில் "ட்ரெய்னிங் ஷூ" என்று கேளுங்கள். அடிப்பாகத்தில் வெட்டு ஆழமில்லாமல், பக்கவாட்டில் பிடிப்பு இருக்க வேண்டும். கடைத் தரையிலேயே காலைத் திருப்பிப் பாருங்கள். வெறுங்காலில் ஆடலாம் என்று சொல்கிற இடமும் உண்டு, டைல்ஸ் தரையில் வேண்டவே வேண்டாம்.

துப்பட்டா வேண்டாம், சுழலும்போது பக்கத்து ஆளின் கையில் மாட்டும். எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் தளர்ந்த டி-ஷர்ட்டும் லெகின்ஸும், தெருவில் வரும்போது மேலே ஒரு நீளக் குர்தா. தாலிச் சங்கிலியை உள்ளே விட்டு ஊக்குக் குத்திக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்ஸ் பிரா ஆடம்பரம் இல்லை, ஷூவுக்கு அடுத்த முக்கியச் செலவு அதுதான். மழை மாதத்தில் ஒரு மாற்று உடை பையில் இருக்கட்டும்.

6. முதல் இரண்டு வாரம்

வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் நிற்காதீர்கள். பாட்டின் நடுவில் "டர்ன்!" என்று எல்லாரும் திரும்புவார்கள், கடைசி வரிசைதான் அப்போது முதல் வரிசை. இரண்டாம் வரிசை ஓரம்தான் பத்திரமான இடம். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மட்டும் வேண்டாம், காது இரைந்துகொண்டு வீட்டுக்கு வருவீர்கள்.

கையையும் காலையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்க்காதீர்கள். என் பக்கத்தில் ஆடுகிற அம்மாவுக்கு 63 வயது, குளச்சல் பக்கம். முதல் நாள் நான் தடுமாறியபோது சொன்னார்: "மக்களே, கால மட்டும் பாரு. கை பொறவு தானா வரும், கேட்டியா." வந்தது, மூன்றாம் வாரத்தில்.

புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். நல்ல சாப்பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அரை மணி முன்னால் ஒரு மட்டிப் பழம் போதும். முடிந்ததும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி, பிரஷர் இருந்தால் உப்பில்லாமல்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது சகஜம். மூட்டுக்குள் குத்துகிற வலியோ வீக்கமோ சகஜமில்லை, நிறுத்துங்கள். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, கண் இருட்டல் என்றால் உட்காருங்கள், உடனே 108.

7. மூன்றாம் மாதம்

எடை குறையவில்லையே என்று பலர் நின்றுவிடுவது இந்த மாதத்தில். "ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கலோரி" என்று போஸ்டர் பார்த்து வந்திருப்போம். அமெரிக்காவில் 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 19 இளம்பெண்களை ஆட வைத்து அளந்தார்கள், நிமிடத்துக்குச் சராசரி 9.5 கலோரி. இருபது வயதுக்காரிகளின் கணக்கு அது. நமக்கு அதைவிடக் குறைவாக இருக்கலாம், அதிலும் வகுப்பு முடிந்து வரும் வழியில் ரசவடை இருக்கிறது. மூன்று மாதத்தில் எனக்கு ஒன்றரை கிலோதான் குறைந்தது. ஆனால் அலுவலகத்தின் இரண்டு மாடியை மூச்சு வாங்காமல் ஏறுகிறேன்.

பின்னே எதற்காகப் போகிறோம்? நான் முன்பு அண்ணா ஸ்டேடியத்தில் தனியாக நடந்தவள். ஒரு வாரத்துக்கு மேல் என்றைக்கும் தாண்டியதில்லை. இங்கே இரண்டு நாள் வராவிட்டால் "எங்க போனே?" என்று போன் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் மாணவர்களை வைத்துச் சோதித்ததில், ஒரே அசைவை ஒன்றாக ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவும் கூடியது, பக்கத்தில் ஆடியவர்களோடு நெருக்கமும் கூடியது. படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. எங்கள் வரிசையில் ஒரு நர்ஸ், ஒரு தையல்காரி, ஒரு டீச்சர், குளச்சல் அம்மா, நான். வேறு எங்கும் நாங்கள் ஐந்து பேரும் ஒரு இடத்தில் நின்றிருக்க மாட்டோம். மாதக் கடைசியில் அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற நாளில் தலை கனத்துப் போய் நிற்பேன், இரண்டாம் பாட்டில் எல்லார் காலும் ஒரே நேரத்தில் தரையைத் தட்டும் சத்தம் கேட்கும், அதோடு சரி.

அதனால் டெமோ நாளில் டிரெய்னரை மட்டும் பார்க்காமல் வகுப்பு முடிந்ததும் பெண்கள் நின்று பேசுகிறார்களா, உடனே வண்டியை எடுக்கிறார்களா என்றும் பாருங்கள். நான் அடுத்த வகுப்பு மாறினால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

8. எந்த மாதம் சேருவது

ஜனவரியில் வேண்டாம், புத்தாண்டுத் தீர்மானக்காரர்களின் கூட்டத்தில் கை விரிக்க இடம் இருக்காது. பிப்ரவரியில் அதில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். ஜூனில் பள்ளி திறப்பும் மழையும் சேர்ந்து வரும். நவம்பர் கடைசியில் கோட்டார் சவேரியார் திருவிழா, அதைத் தொடர்ந்து கிறிஸ்துமஸ், மண்டபத்தில் கல்யாணம் என்று விடுமுறை வந்துகொண்டே இருக்கும். பிப்ரவரி அல்லது ஆகஸ்ட் வசதி. விடுமுறை விட்ட வகுப்புகளை அடுத்த மாதத்தில் சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள், எங்கள் இடத்தில் மூன்றுக்கு மேல் போனால் தருகிறார்கள். மாத நடுவில் சேர்ந்தால் பாதிக் கட்டணம்தான் என்று பேசிப் பாருங்கள், கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. நான் கேட்காமல் 16ஆம் தேதி முழுசும் கட்டினேன்.